இருபதே ஆண்டில் நரைக்கும் நாடுகள்

1958ஆம் ஆண்டு சுவீடன் அரசும், அன்று சிலோன் என்று அழைக்கப்பட்ட இலங்கையின் அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இலங்கையின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிகளுக்குச் சுவீடன் உதவுவது என்பது அதன் சாரம். ஒரு பணக்கார நாடு இன்னொரு நாட்டின் பிறப்பு எண்ணிக்கையில் அக்கறை கொண்டு அரசு முறையில் கைகொடுத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த அக்கறை பெருகியது. 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் ஐந்து டாலருக்கும் குறைவான தொகை பொருளாதார வளர்ச்சியில் போடும் நூறு டாலருக்கு ஈடாகும் என்று கணக்குச் சொன்னார். 1969இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் பணியைத் தொடங்கியது. 1970இல் ராபர்ட் மெக்னமாரா தலைமையிலிருந்த உலக வங்கி, மக்கள்தொகைத் திட்டத்துக்கான தன் முதல் கடனை ஜமைக்காவுக்குக் கொடுத்தது. ஏழை நாடுகளில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்பது உலகத்துக்கே பொதுவான கவலை என்று பணக்கார நாடுகள் அன்று உறுதியாக நம்பின. அதற்குச் செலவும் செய்தன. பிறப்பு குறைந்தது. அதன் மறுபக்கமான மூப்பு இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. இதுவும் பொதுக் கவலைதானா என்று கேட்டால், அது அந்தந்த நாட்டின் சொந்த விவகாரம் என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதில் நியாயமானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். மூப்பு ஒரு சாபமல்ல. பிள்ளைகள் சாகாமல் பிழைத்ததாலும், பெண்கள் படித்துத் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கத் தொடங்கியதாலும், மனிதர்கள் நீண்ட நாள் வாழ்வதாலும் வந்த விளைவு அது. வெளிநாட்டு உதவி மட்டுமே பிறப்பைக் குறைத்தது என்றும் யாரும் சொல்ல முடியாது. இந்தியா 1952இலேயே தானாக முன்வந்து குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. பெண் கல்வியும் தாய்சேய் நலமும் பரவிய இடங்களில் வற்புறுத்தல் இல்லாமலே குடும்பங்கள் சிறுத்தன. ஆகவே பணக்கார நாடுகள் மீது பழி சுமத்துவது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு மாற்றத்தின் முதல் பாதியைத் தம்முடைய அக்கறை என்று ஏற்றுக்கொண்டவர்கள், அதன் இரண்டாம் பாதி வரும்போது நமக்கென்ன என்று எழுந்து போய்விட முடியாது.

இந்த இரண்டாம் பாதியில் சிக்கலாக இருப்பது மூப்பைக் காட்டிலும் அதன் வேகம். ஒரு நாட்டின் மக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக இரட்டிக்க எத்தனை ஆண்டு ஆகிறது என்பதை மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். பிரான்சில் அதற்கு 115 ஆண்டுகள் ஆயின: 1865இல் தொடங்கி 1980இல்தான் முடிந்தது. சுவீடனுக்கு 85 ஆண்டுகள். அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள். ஜப்பானில் 1970இல் தொடங்கி 1994இலேயே முடிந்துவிட்டபோது உலகம் வியந்தது. இன்று ஜப்பானின் வேகம் சராசரி வேகமாகிவிட்டது. தென் கொரியா 18 ஆண்டுகளில் அதைக் கடந்தது. சீனாவும் தாய்லாந்தும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. இலங்கைக்கு 2004 முதல் 2027 வரை 23 ஆண்டுகள் என்பது கணிப்பு. பிரான்சில் ஐந்து தலைமுறைகள் மாறி மாறிப் பார்த்துப் பழகிய ஒன்றை, இந்த நாடுகளில் ஒரே தலைமுறை தன் வேலைக்காலத்தின் பாதிக்குள் பார்த்துவிடுகிறது. 2020இல் உலகில் 60 வயதைக் கடந்தவர்கள் 100 கோடிப் பேர். 2050இல் அது 210 கோடியாகும் என்றும், அவர்களில் ஐந்தில் நால்வர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓய்வூதியம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் பங்களித்து, முதுமையில் திரும்பப் பெறும் முறைக்கு 1889இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் சட்ட வடிவம் கொடுத்தார். அந்த முறை முழுதாய்ப் பழுக்க முப்பது, நாற்பது ஆண்டுகள் வேண்டும். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும்வரை தொடர்ந்து பங்களித்தால்தான் கையில் போதுமான தொகை வரும். தொடக்க ஆண்டுகளில் ஏற்கெனவே வயதாகிவிட்டவர்களுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் பிரிட்டன் 1908இல் வேறு வழியை எடுத்தது: பங்களிப்பே கேட்காமல், 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வரிப்பணத்திலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங். ஐரோப்பிய நாடுகள் இந்த இரு வழிகளிலும் தடுமாறி, திருத்தி, போர்களுக்கு நடுவே நிறுத்தி, மறுபடி தொடங்கின. தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அவர்களுக்குக் காலம் இருந்தது. அந்தக் காலம்தான் இப்போது மூப்படையும் நாடுகளிடம் இல்லை.

காலமின்மை என்ன செய்யும் என்பதற்குத் தென் கொரியாவைப்போலத் தெளிவான சான்று வேறில்லை. அதை ஏழை நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1960வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள் என்றிருந்த நிலையிலிருந்து, 2023இல் 0.72 என்ற உலகின் மிகக் குறைந்த அளவுகளில் ஒன்றுக்கு அது வந்தது. அதே காலத்தில் செல்வமும் சேர்ந்தது. ஆனால் அங்கே தேசிய ஓய்வூதியம் 1988இல்தான் தொடங்கியது. நகரங்களின் சுயதொழில் செய்வோரையும் அது எட்ட 1999 ஆகிவிட்டது. நாட்டைக் கட்டியெழுப்பிய தலைமுறை, ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் வயல்களிலும் உழைத்த தலைமுறை, பங்களிப்பு ஆண்டுகள் போதாமல் வெளியே நின்றது. 2008இல் ஒரு சிறு முதியோர் உதவித்தொகையும், 2014இல் அதை விரிவாக்கிய அடிப்படை ஓய்வூதியமும் வந்தன. அப்படியும் கொரிய முதியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஒப்பீட்டு வறுமையில் இருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் சராசரி சுமார் 14 விழுக்காடு. உலகின் முன்னணிப் பொருளாதாரம் ஒன்றே தன் முதல் மூத்த தலைமுறையைத் தவறவிட்டது என்றால், அதைவிடக் குறைந்த வருமானத்தோடு அதே வேகத்தில் மூப்படையும் நாடுகளில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை.

சீனாவில் 'செல்வம் சேருமுன் மூப்பு' என்றொரு சொல்வழக்கே உண்டு. 65 வயதைக் கடந்தவர்களின் விகிதம் 14 விழுக்காட்டை எட்டியபோது ஜப்பானின் தனிநபர் வருமானம் உலகின் மிக உயர்ந்த வரிசையில் இருந்தது. 2021இல் அதே கட்டத்தை எட்டிய சீனாவின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 12,000 டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. தாய்லாந்தில் அது 7,000 டாலர் அளவு. தாய்லாந்து 2002இலேயே எல்லோருக்கும் பொது மருத்துவத்தை உறுதி செய்த நாடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம சுகாதாரத் தொண்டர்களை வைத்திருக்கும் நாடு. அங்கேயே முதியோர் உதவித்தொகை வயதுக்கேற்ப மாதம் 600 முதல் 1,000 பாட் வரைதான். பத்தாண்டுக்கு மேலாக அது உயரவில்லை. இலங்கையின் நிலை இன்னும் வேதனையானது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்த பிறகு, 2023இல் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைத்தபோது, தனியார் துறை ஊழியர்களின் முதுமைக்கால வைப்பான ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த அரசுக் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதிய முறிகளாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மறுத்தால் முறிகளிலிருந்து கிடைக்கும் வருமானத்தின் மீதான வரி 14 விழுக்காட்டிலிருந்து 30 ஆகும் என்று சட்டம் சொன்னது. வங்கிகளுக்கு இந்தச் சுமை விதிக்கப்படவில்லை. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் முதுமைக்கான பணத்தில் நாட்டின் கடன் சுமை ஏற்றப்பட்டது. கடன் பேச்சுவார்த்தை மேசைகளில் ஒரு நாட்டின் வயது யாருடைய கணக்கிலும் இல்லை.

பணக்கார நாடுகள் உதவ வேண்டும் என்பதற்கு ஈகை, இரக்கம் என்ற சொற்களை நான் நாடவில்லை. அவற்றுக்கு முன்பே ஒரு கணக்கு நிலுவையில் இருக்கிறது. மூப்படைந்த பணக்கார நாடுகள் தம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும், தம் ஓய்வூதிய நிதிகளை நிரப்பவும் மற்ற நாடுகளின் இளமையை எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் வேலை செய்யும் இந்தியப் பொறியாளரின் சம்பளத்தில் 6.2 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு வரியாகப் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. ஓய்வூதியத் தகுதிக்குச் சாதாரணமாகப் பத்தாண்டுப் பங்களிப்பு தேவை. எச்1பி பணி விசாவின் வழக்கமான காலமோ ஆறாண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கு வழியில்லாமல் ஆறாண்டில் திரும்புகிறவர் கட்டிய பணம் அமெரிக்க முதியவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அவருடைய முதுமைக்கு ஒரு காசும் வருவதில்லை. இரு நாட்டுப் பங்களிப்பு ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தங்களை அமெரிக்கா 30 நாடுகளோடு செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகள். இந்தியா அதில் இல்லை. இந்தியாவின் சேமநல ஏற்பாடு உழைப்போரில் ஒரு பகுதியை மட்டுமே எட்டுகிறது என்பது அமெரிக்கத் தரப்பில் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதாவது பாதுகாப்பு குறைந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதாலேயே அவருடைய பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. வேலை முடிந்து போகும்போது ஒரு பணிக்கொடை, அதுவும் பலருக்கு முழுதாய்க் கிடைப்பதில்லை. இவற்றைச் சரி செய்ய முடியாது என்பதில்லை. ஜப்பானில், நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர் தம் பங்களிப்பின் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறும் விதி இருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்குக்கு மேல் அது போவதில்லை என்றாலும், கொள்கையளவில் அந்தக் கடனை ஜப்பான் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பணத்தைவிட ஆள் போவது பெரிய இழப்பு. ஒரு செவிலியரைப் பயிற்றுவிக்கும் செலவைப் பிலிப்பைன்ஸோ கானாவோ கேரளமோ ஏற்கிறது. அவருடைய உழைப்பின் ஆண்டுகளை லண்டனும் பெர்லினும் பெறுகின்றன. ஜெர்மனி தன் 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியர்களைத் தேடி வந்த இடங்களில் ஒன்று கேரளம். இந்தியாவின் பெரிய மாநிலங்களில் முதியவர்களின் விகிதம் மிக அதிகமாக இருப்பதும் அதே கேரளத்தில்தான். ஜப்பான் 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும் பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாமிலிருந்தும் செவிலியர்களையும் பராமரிப்பாளர்களையும் ஒப்பந்தத்தின் பேரில் அழைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுதித் தேற வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும் என்பது விதி. பிரிட்டன் 2022இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டவரை வருவித்தது. 2025 ஜூலையில் அந்தக் கதவை மூடியது. இடைப்பட்ட மூன்றாண்டில் தரகர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து வந்து, சொன்ன வேலை இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. 2023இல், ஆள் பற்றாக்குறை மிகுந்த 55 நாடுகளிலிருந்து முனைந்து ஆளெடுக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது. அது கட்டாயமில்லாத விதி. போக விரும்பும் செவிலியரைத் தடுப்பது தவறு. அந்தப் பெண்ணின் வாழ்க்கை அவருடையது. ஆனால் அவரைப் பயிற்றுவித்த கல்லூரிக்கும், அவர் இல்லாமல் போன மருத்துவமனைக்கும் ஆளெடுக்கும் நாடு விலை கொடுக்க வேண்டும் என்பதில் என்ன தவறு?

உதவி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். பணக்கார நாடுகளின் அறிவுரையால் ஏழை நாடுகள் நஷ்டப்பட்ட வரலாறு முதுமை விஷயத்திலேயே இருக்கிறது. சிலி 1981இல் பொது ஓய்வூதியத்தைத் தனிநபர் சேமிப்புக் கணக்குகளாக மாற்றித் தனியார் கையில் கொடுத்தது. 1994இல் உலக வங்கி முதுமை நெருக்கடியைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை அந்த வழியை உலகெங்கும் பரப்ப உதவியது. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பாவிலுமாக 30 நாடுகள் அந்தப் பாதையில் போயின. 2018இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கெடுத்தபோது அவற்றில் 18 நாடுகள் முழுதாகவோ பகுதியாகவோ திரும்பி வந்திருந்தன. நிர்வாகக் கட்டணங்கள் சேமிப்பைத் தின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களும் பெண்களும் வெளியிலேயே இருந்தார்கள். பழைய ஓய்வூதியங்களைக் கட்டிக்கொண்டே புதியதைத் தொடங்கிய செலவில் அரசுகளின் பற்றாக்குறை பெருகியது. காலம் இல்லாத நாடுகளிடம் முப்பதாண்டுச் சோதனையை விற்ற செயல் அது.

நல்ல உதவிக்கும் சான்று இருக்கிறது, அதில் ஒன்று நமக்கு மிக அருகில். கண்புரை முதுமையின் நோய். 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் சலுகைக் கடனுதவியோடு இந்தியாவில் நடந்த கண்புரை ஒழிப்புத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளை நடத்தியது. அதற்குச் சற்று முன்பு, 1992இல், டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் துணையோடு அரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் பிறந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அதுவரை ஏழைகளுக்கு எட்டாத இறக்குமதிப் பொருள். நன்கொடையாக வந்த லென்ஸ்களுக்குக் காத்திருப்பதைவிட, செய்யும் கலையை இங்கே கொண்டுவருவதுதான் தீர்வு என்று முடிவெடுத்தார்கள். விலை பல மடங்கு சரிந்தது. இன்று அந்த லென்ஸ்கள் மதுரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. ஒருமுறை கைமாறிய தொழில்நுட்பம் தன்னிச்சையாக வளர்ந்து, உதவி பெற்ற இடத்தையே உதவும் இடமாக மாற்றியது. மறதிநோய் மருத்துவத்திலும் செவித்துணைக் கருவிகளிலும் இடுப்பெலும்பு முறிவுச் சிகிச்சையிலும் இதே பாதை திறந்திருக்கிறது. உலகில் மறதிநோயோடு வாழும் ஐந்தரைக் கோடிப் பேருக்கும் மேற்பட்டோரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள்.

ஓய்வூதியத்திலும் வெளி உதவி ஒரு தொடக்கத்தைத் தர முடியும் என்று உகாண்டா காட்டுகிறது. 2010இல் பிரிட்டன், அயர்லாந்து அரசுகளின் நிதியோடு சில மாவட்டங்களில் முதியவர்களுக்கு மாதம் 25,000 ஷில்லிங் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. மக்கள் அதை உரிமையாகக் கேட்கத் தொடங்கிய பின் அரசு தன் பணத்தை மெல்ல மெல்லக் கூட்டியது. பிறகு நாடு முழுதும் விரித்தது. ஆனால் தொடக்க மாவட்டங்களில் 65 என்றிருந்த வயது வரம்பு, நாடு தழுவியபோது 80 ஆயிற்று. உகாண்டாவில் எத்தனை பேர் 80ஐக் காண்கிறார்கள்? வெளி நிதி இன்னும் பத்தாண்டு சேர்ந்து நின்றிருந்தால் அந்த வரம்பு இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் மதிப்பீடு. பங்களிப்பு முறை பழுக்கும்வரை நடுவில் சிக்கிய முதல் தலைமுறையைத் தாங்கும் பாலமாக, இருபது முப்பது ஆண்டுக்கு மட்டும், படிப்படியாகக் குறையும் தொகையாக உதவி அமைவதே பொருத்தம்.

பணக்கார நாடுகளே தம் மூப்பில் திணறுகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஜப்பானின் அரசுக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியின் இரு மடங்குக்கும் மேல். இத்தாலி தன் உற்பத்தியில் 16 விழுக்காடு அளவைப் பொது ஓய்வூதியத்துக்கே செலவிடுகிறது. ஆனால் அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவிக்குத் தருவது என்ற இலக்கை ஐ.நா. பொதுச்சபை 1970இல் வகுத்தது. 2024இல் உதவும் நாடுகள் கொடுத்தது சராசரியாக 0.33 விழுக்காடு, இலக்கைத் தொட்டவை டென்மார்க், லக்சம்பர்க், நார்வே, சுவீடன் ஆகிய நான்கே. 2025இல் அமெரிக்கா தன் உதவி முகமையையே மூடியது. பிரிட்டன் 2027க்குள் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இத்தனை சிறிய விகிதத்தை வெட்டி எந்த நாட்டு ஓய்வூதியமும் பிழைத்துவிடப் போவதில்லை. மேலும் நான் முதலில் வைத்த கோரிக்கை உதவித்தொகையே அல்ல. எடுத்ததைத் திருப்பித் தருவது. பங்களிப்பைத் திரும்பக் கொடுக்க வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை என்று சொல்பவர், அது தம் பணமல்ல என்பதை மறந்துவிடுகிறார்.

அந்தந்த நாட்டு அரசு என்ன செய்கிறது என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இதற்கு நான் முழுமனதோடு தலைவணங்குகிறேன். நேபாளம் 1990களின் நடுவில், உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தபோதே, 75 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் நூறு ரூபாய் என்று தொடங்கியது; பிறகு வயது வரம்பைக் குறைத்து, தொகையை 4,000 நேபாள ரூபாயாக உயர்த்தியது. ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு மலைநாடான லெசோத்தோ 2004இல் 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பங்களிப்பில்லா ஓய்வூதியத்தைத் தன் சொந்த வருவாயில் கொண்டுவந்தது. இவற்றைப் பார்த்த பிறகு, வெளியார் தரவில்லை என்று கையை விரிக்க எந்த அரசுக்கும் அருகதை இல்லை. இந்திய ஒன்றிய அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை தரும் பங்கு மாதம் 200 ரூபாய். கிட்டத்தட்ட இருபது ஆண்டாக அது உயரவில்லை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் பணத்தைச் சேர்த்து 1,200 ரூபாயாக்கித் தருகின்றன. அந்த 200 ரூபாய்க்கு அமெரிக்காவோ ஜெர்மனியோ பொறுப்பல்ல, டெல்லிதான் பொறுப்பு. முதற்கடமை சொந்த அரசுடையது. இரண்டாவது கடமை இருப்பதை அது மறுக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் ஓய்வு வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டினருக்கு ஏதாவதோர் ஓய்வூதியம் கிடைக்கிறது; மிக ஏழை நாடுகளில் 23 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இந்த இடைவெளி முழுவதையும் நிர்வாகச் சோம்பல் என்று விளக்கிவிட முடியாது.

குழந்தைகள் இன்னும் மலேரியாவிலும் ஊட்டக்குறைவிலும் சாகும்போது முதியவர்களுக்குச் செலவிடுவதா என்பது மனசாட்சியிலிருந்து எழும் கேள்வி. இருப்பதில் முதலிடம் யாருக்கு என்று வந்தால் குழந்தைக்குத்தான். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டில் முதியவரின் பணமும் குழந்தையின் சோறும் தனித்தனியாக இருப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா தன் முதியோர் ஓய்வூதியத்தைக் கறுப்பின மக்களுக்கும் முழு அளவில் விரித்தது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அதன் விளைவை ஆராய்ந்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது. தாத்தா வாங்கியபோது அந்த விளைவு தென்படவில்லை. எய்ட்ஸ் ஒரு தலைமுறையைப் பறித்துக்கொண்ட தெற்கு ஆப்பிரிக்காவில் பேரப்பிள்ளைகளை வளர்த்தவர்கள் பாட்டிகள்தாம். அவர்களைத் தாங்குவது குழந்தையைத் தாங்குவதும்தான்.

குடும்பம் பார்த்துக்கொள்ளும், வெளிநாட்டிலிருக்கும் மகன் பணம் அனுப்புகிறான் என்பவர்களுக்கும் பதில் வேண்டும். 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு வெளிநாட்டு உழைப்பாளிகள் அனுப்பிய பணம் ஏறத்தாழ 65,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது; பணக்கார நாடுகளின் அதிகாரபூர்வ உதவியைப்போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்தப் பணத்தால்தான் கோடிக்கணக்கான வீடுகள் நிற்கின்றன. ஆனால் அது உழைப்பாளியின் பணம், உழைப்பை வாங்கிய நாட்டின் உதவி அல்ல. அதை அனுப்பும் கட்டணமே சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல். 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவோம் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒரு விழுக்காடு குறைந்தால் 650 கோடி டாலர் அளவு ஏழை வீடுகளில் மிஞ்சும். பணக்கார நாடுகளின் வங்கிகளும் ஒழுங்காற்று அமைப்புகளும் மனம் வைத்தால் போதும். மகன் அனுப்பும் பணம் மருந்து வாங்கும். படுக்கையிலிருந்து தாயைத் தூக்கி உட்காரவைக்க அருகில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைத்தான் நாம் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

பணக்காரர் யார் என்பது இடத்துக்கேற்ப மாறும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்களின் உழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்து முதியவர் விகிதம் கூடக் கூட, அவர்களை நாம் இன்னும் அதிகம் நம்பியிருப்போம். அவர்கள் தங்கள் இளமையை இங்கே கொடுத்துவிட்டு, முதுமைக்கு ஊர் திரும்புவார்கள். அந்த முதுமையில் நம் பங்கு என்ன என்று கேட்காமல் அமெரிக்காவைக் கேட்பது பாதி நியாயம்தான். நலவாரியப் பதிவும் சேமநிதிக் கணக்கும் தொழிலாளி ஊர் திரும்பும்போது அவரோடு போக வேண்டும் என்ற விதியை நாம் முதலில் செய்து காட்டினால், மற்றவர்களிடம் கேட்கும் குரல் உரக்க ஒலிக்கும்.

2025 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமை மன்றம், முதியோர் உரிமைகளுக்கான சட்டப்படிக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றின் வரைவை உருவாக்க அரசுகளின் செயற்குழுவை அமைப்பதென்று முடிவெடுத்தது. 1982இல் வியன்னாவிலும் 2002இல் மாட்ரிட்டிலும் நிறைவேறியவை செயல்திட்டங்கள். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாதவை. இப்போது எழுதப்படப் போவது அப்படியல்ல. அதில் முதியோர் துன்புறுத்தலும் வயதுப் பாகுபாடும் இடம்பெறும் என்பது உறுதி. எல்லை கடந்து உழைத்தவரின் ஓய்வூதியப் பங்களிப்பு அவரோடு வீடு திரும்ப வேண்டும், பயிற்சி பெற்ற செவிலியரை எடுக்கும் நாடு பயிற்றுவித்த நாட்டுக்கு ஈடு தர வேண்டும் என்ற இரண்டு விதிகளும் அதில் ஏற வேண்டும். பணக்கார நாடுகள் இவற்றைத் தாமாக எழுதமாட்டா. இந்தியாவும் இலங்கையும் பிலிப்பைன்ஸும் நேபாளமும் தனித்தனியே விசாவுக்குப் பேரம் பேசுவதை விட்டு, ஜெனீவாவில் ஒன்றாக உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். 2050இல் 65 வயதைக் கடந்திருக்கப்போகும் அத்தனை பேரும் ஏற்கெனவே நாற்பதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள்; அவர்களுக்காகப் பங்களிப்புச் சேர்க்க இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள்கூட இல்லை.